வலி மாத்திரை போட்டா தெம்பு வருது, யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

கேள்வி: 11 மே 2024, மாலை 6.20

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா மண்டியில லோடு ஏத்துற வேலை. தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் டிரமடால் கலந்த மாத்திரை எழுதிக் குடுத்தார். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதேன்னார். எனக்கு நேர்மாறா நடக்குது. போட்ட ஒரு மணி நேரத்துல உடம்பு லேசாகுது, யார் மேலயும் கோவம் வரல, ரெண்டு ஆள் வேலையை ஒருத்தனா பாக்கறேன். ராத்திரி கண்ணை மூடினாலும் தூக்கம் இல்ல. இது நல்லதா கெட்டதா?

11 மே 2024, இரவு 11.50

எனக்கு ஆகுது. இப்ப, இந்த நிமிஷம்.

பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில அறிவியல் டீச்சர், வயசு 47. ஏப்ரல் 19 தேர்தல் வேலை முடிச்சு மெஷினெல்லாம் ஒப்படைச்சுட்டு, நடுராத்திரி படியிறங்கும்போது கால் வழுக்கி உக்காந்த வாக்குல விழுந்தேன். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு ஸ்கேன்ல வந்துச்சு. இடுப்புல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் சுர்ருனு ஒரு இழுப்பு. முதல்ல குடுத்த வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கினதுதான் மிச்சம். மே 4-லருந்து டிரமடால் 50 மில்லிகிராம், காலையும் ராத்திரியும்.

முதல் ரெண்டு நாள் தலைசுத்தலும் வாந்தியும். மூணாவது நாள் ராத்திரி 2 மணிக்கு எழுந்து பரணை ஒழிச்சேன். ஏணி போட்டு ஏறி. டிஸ்க் பிதுங்கின பொம்பள ஏணியில நிக்கறதைப் பாத்துட்டு வீட்டுக்காரர் திருடன் வந்துட்டான்னு டார்ச்சைத் தூக்கிட்டு ஓடி வந்தார். கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த பித்தளை அண்டா, கேசட்டு ஒரு பெட்டி, 2011 மாடல் கேள்வித்தாள் கட்டு, எல்லாம் ஹால்ல. அடுத்த நாள் அஞ்சு கிலோ புளிக்குக் கொட்டை எடுத்தேன். பாடினேன்னு வேற வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு ஞாபகம் இல்ல.

நேத்து பத்தாம் வகுப்பு ரிசல்ட். என் பாடத்துல ஒருத்தரும் பெயிலாகல. அந்தச் சந்தோஷம்தான் இப்படி ஆட்டுதுன்னு நெனச்சேன். ஆனா பரணை ஒழிச்சது ரிசல்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி. தம்பி கேள்வியைப் படிச்சப்பதான் கணக்கு உதைச்சுது.

நல்லதா கெட்டதான்னா, எனக்கு நல்லதாத்தான் தெரியுது. பத்து வருஷமா இப்படி ஒரு தெம்பு இருந்ததில்ல. அனுபவி தம்பி.

12 மே 2024, காலை 7.10

திருத்தம். 50 இல்ல. அட்டையைத் திருப்பிப் படிச்சேன். டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325, ரெண்டும் ஒரே மாத்திரைக்குள்ள. தம்பியோடதும் அதுதான்னு பதில் போட்டிருக்கார்.

இதுல ஒரு விஷயம். காய்ச்சல்னு தனியா பாராசிட்டமால் 650 போட்டா அதுவும் இதோட சேர்ந்து ஈரல் மேலதான் விழும். ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. போன வாரம் தலைவலிக்கு நான் தனியா ரெண்டு போட்டேன். அட்டையைப் படிக்காத அறிவியல் டீச்சர்.

14 மே 2024, மதியம்

தங்கச்சிக்கு போன் பண்ணேன்.

இதை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவோட ஒன்னேகால் ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்துல நாலு செந்தூரா. அப்பா போனதுக்கப்புறம் அதைக் குத்தகைக்கு விடறதுல எனக்கும் தங்கச்சிக்கும் வாய்ச்சண்டை. அவ ஓசூர்ல இருக்கா. நாலு வருஷம் பேச்சு வார்த்தை இல்ல. அவ பையன் காதுகுத்துக்குக் கூடப் போகல.

ஞாயித்துக்கிழமை காலையில மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் இருக்கும். வாசல்ல உக்காந்து காபி குடிக்கறப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ இளகின மாதிரி இருந்துச்சு. போனை எடுத்தேன். "தப்பு என் மேலதான்டி"ன்னேன். அவ அழுதா. நானும் அழுதேன். ஒரு மணி நேரம் பேசினோம். வெச்சதுக்கப்புறம் பூமி மேல கால் படாத மாதிரி நடந்தேன்.

அதியமான் அவ்வைக்குக் குடுத்த நெல்லிக்கனி இந்த மண்ணுலதானே விளைஞ்சுது. இப்ப அட்டையில பத்துப் பத்தா அடைச்சு விக்கறாங்க போல.

17 மே 2024, இரவு

படிச்சேன். பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் வருஷா வருஷம் நடத்தறவ, நரம்புணர்வு கடத்தின்னு கரும்பலகையில எழுதி அடிக்கோடு போடறவ. என் மண்டைக்குள்ள அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க 47 வயசும் ஒரு வழுக்கலும் வேண்டியிருந்துச்சு.

டிரமடால் ஒரே மருந்து, ஆனா ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு அபின் வகை வேலை. மூளையிலும் தண்டுவடத்துலயும் மார்பின் போய் உக்கார்ற அதே இடத்துல இதுவும் உக்காரும், ஆனா பலம் ரொம்பக் கம்மி. ரெண்டாவது, ஒரு நரம்புலருந்து அடுத்த நரம்புக்குச் சேதி கொண்டுபோற செரோடோனின், நார்அட்ரினலின்னு ரெண்டு கடத்திகளை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்காம தடுக்குது. அதனால அந்த ரெண்டும் நரம்புகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளியில அதிக நேரம் தங்குது. வலியை மேல போக விடாம அமுக்கறதுக்கு இது உதவுது. ஆனா மனச்சோர்வுக்குக் குடுக்கற சில மாத்திரைங்க செய்யறதும் இதே வேலைதான். வென்லாஃபாக்சின்னு ஒரு மனச்சோர்வு மருந்து இருக்கு, அதோட அமைப்பும் டிரமடால் அமைப்பும் பங்காளி மாதிரி இருக்கும்.

அப்ப தம்பிக்கும் எனக்கும் தூக்கத்துக்குப் பதிலா முழிப்பு வர்றது மாயமில்ல. நார்அட்ரினலின் முழிப்புக்கான சரக்கு.

இன்னொண்ணு. ஈரல்ல சி.ஒய்.பி.2டி6ன்னு ஒரு நொதி இருக்கு. அதுதான் டிரமடாலை அபின் வேலையில இன்னும் பலமான இன்னொரு பொருளா மாத்துது. அந்த நொதி பரம்பரையா ஆளுக்கு ஆள் வேற. சிலருக்கு மந்தம், வலியே குறையாது. சிலருக்கு அதிவேகம், சாதாரண அளவே விஷமாகி மூச்சு அடங்கற அளவுக்குப் போகலாம். ஒரே அட்டையைப் பக்கத்து வீட்டுக்குப் பிச்சுக் குடுக்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கே, அதை நெனச்சா பகீர்னுது. நான் குடுத்திருக்கேன், இதை இல்ல, வேற மாத்திரை.

மருந்து புதுசும் இல்ல. 1977-லயே மேற்கு ஜெர்மனியில விற்பனைக்கு வந்தாச்சு, என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

19 மே 2024

அரிப்பு. மூக்கு நுனியில ஆரம்பிச்சு முதுகு வரைக்கும். நடுமத்தியானம் வேர்வை, சரி வெயில்னு விட்டுட்டேன், ராத்திரியும் வேர்வை. மலச்சிக்கல் பத்தி யாருமே எழுதலையே, நான் எழுதறேன்: நாலு நாள். களியும் முருங்கைக்கீரையும் தின்னு வளந்த வயிறு, அதுக்கே இந்த கதி.

23 மே 2024

வேற ஒருத்தர் கேட்டிருந்தார், "மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கிப் போட்டா எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தெம்பு வருது, அதுலயும் டிரமடாலா"ன்னு. அது வேற கதை. எங்க வீட்லயே நடந்துது.

என் மாமியாருக்கு 71. பொறந்து வளந்து வாக்கப்பட்டது எல்லாம் இதே ஒன்றியம். போர் தண்ணி குடிச்சு வளந்த எலும்பு. எங்க மாவட்டத்துத் தண்ணியில ஃபுளோரைடு பத்திச் சொல்லவே வேண்டாம். குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறாங்க. என் வகுப்புல ஒரு காலத்துல பாதிப் பிள்ளைங்க சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்கும், பல்லுல காவிக்கறை. பெரியவங்களுக்கு எலும்பு, மூட்டு, முதுகு எல்லாம் விறைச்சுப்போகும். 2013-ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்துது, பிள்ளைங்க பல்லு இப்ப தேவலை. அத்தை எலும்புல இறங்கினது இறங்கினதுதான். அவங்க உக்காந்தா எழ கைப்பிடி வேணும்.

மூணு வருஷம் முன்னாடி திடீர்னு அத்தை துள்ளினாங்க. களத்துல கொள்ளு அடிக்கப் போனாங்க. ரெண்டு உருண்டை களி சாப்பிடறவங்க நாலு கேட்டாங்க. முகம் பொங்கல் பானை மாதிரி உப்பி பளபளன்னு இருந்துச்சு. பாக்கறவங்க எல்லாம் "மருமவ நல்லா கவனிக்கறா"ன்னாங்க, நானும் பெருமையா இருந்துட்டேன். சந்தைக்குப் போறப்பெல்லாம் கடையில பேப்பர்ல மடிச்ச "ஒரு செட்டு" வாங்கிட்டு வந்து மடியில முடிஞ்சு வெச்சிருந்திருக்காங்க. பேரு என்னன்னு கேட்டேன். "தெம்பு மாத்திரை கண்ணு."

சுகர் 340 வந்தப்பதான் டாக்டர் அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சார். ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, நடுவுல குட்டியா வெள்ளையா ஒண்ணு, டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அடக்கும், பசியைக் கிளப்பும், மனசைத் தூக்கிவிடும், தூக்கத்தைக் கெடுக்கும். கூடவே சுகரை ஏத்தும், எலும்பை அரிக்கும். ஏற்கெனவே கெட்ட எலும்புக்கு இது வேற.

நான் கோவத்துல அன்னைக்கே பொட்டலத்தை அடுப்புல போடப் போனேன். டாக்டர் கத்தினார். மாசக்கணக்கா வெளியிலருந்து ஸ்டீராய்டு போனா, சிறுநீரகத்து மேல இருக்கற அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திடும். சட்டுனு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போயிடலாம். படிப்படியாத்தான் இறக்கினார், ரெண்டரை மாசம். கீழ வந்தப்ப அத்தை சுருண்டு படுத்தாங்க. "என் தெம்பைப் புடுங்கிட்டீங்க"ன்னு என்கூட ஒரு வாரம் பேசல.

பதில் கேட்டவருக்கு: பொட்டலத்தோட டாக்டர்கிட்ட போங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

இதை எழுதி முடிச்சு மறுபடி படிச்சேன். அத்தை மடியில முடிஞ்சு வெச்சாங்க. நான் ஹேண்ட்பேக் சின்ன ஜிப்புல வெச்சிருக்கேன்.

29 மே 2024, இரவு 1.30

உண்மையைச் சொல்லிடறேன். சாயங்காலம் 4 மணிக்கு எரிச்சல் வருது. காலையில போட்டது இறங்கற நேரம். பிள்ளை டம்ளரை டங்குனு வெச்சா கூட அடிக்கத் தோணுது. அதனால 4 மணிக்கு ஒண்ணு சேர்த்துக்கிட்டேன். இப்ப ஒரு வாரமா ராத்திரி ஒண்ணு கூட. மொத்தம் நாலு.

டாக்டர் எழுதினது பத்து நாளைக்கு. அதே சீட்டைக் காட்டி மூணு தடவை வாங்கிட்டேன், யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்கணும். இது எச்1 அட்டவணை மருந்து. வாங்கறவர் பேரு, எழுதின டாக்டர் பேரு, எத்தனைங்கறதைத் தனி நோட்டுல பதிஞ்சு மூணு வருஷம் வெச்சிருக்கணும். 2018 ஏப்ரல்ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் கொண்டுவந்துட்டாங்க. டீச்சரம்மாங்கறதால கேக்காம குடுத்துட்டாங்களோ என்னமோ. கடையைக் குத்தம் சொல்லி நான் தப்பிக்கப் பாக்கல, நீட்டினது என் கை.

நேத்து இடுப்பு வலிக்கவே இல்ல. இருந்தும் போட்டேன். பள்ளி திறக்கறதுக்குள்ள முடிக்க வேண்டிய ரெக்கார்டு இருந்துச்சு. மாத்திரை இல்லாம அதை எடுக்கவே மனசு வரல. வலிக்காக இல்லாம வேலைக்காகப் போட்ட முதல் மாத்திரை. முதல்னா, தெரிஞ்சு போட்ட முதல்.

2 ஜூன் 2024

நிறுத்திட்டேன். நேத்து காலையிலருந்து ஒண்ணும் இல்ல. அத்தை ஸ்டீராய்டுதானே படிப்படியா, இது அந்த மாதிரி இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். மன உறுதி இருந்தா போதும்.

3 ஜூன் 2024, அதிகாலை 3.15

மன உறுதியாம்.

கொட்டாவி. விடாம கொட்டாவி, கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. ஜூன் புழுக்கத்துல புல்லரிக்குது. காலை வெச்ச இடத்துல வெக்க முடியல. தலையைத் திருப்பினா மண்டைக்குள்ள சுவிட்ச் போட்ட மாதிரி ஒரு சுருக். நாலு நாள் அடைச்ச வயிறு இப்ப நிக்காம ஓடுது.

4 ஜூன் 2024

டிவியில ஓட்டு எண்றாங்க. அந்த வேலைக்குப் போய்த்தான் விழுந்தேன். யார் ஜெயிச்சா என்னன்னு இருக்கு. தக்காளி நறுக்கும்போது அழுதேன். வெங்காயம் கூட இல்ல, தக்காளி.

6 ஜூன் 2024

டாக்டர்கிட்ட போனேன். திட்டுவார்னு நெனச்சேன், திட்டல. டிரமடாலை நாலு வாரம் போட்டு சட்டுனு நிறுத்தினா ரெண்டு கணக்கும் ஒண்ணா வந்து நிக்குமாம். கொட்டாவி, வயித்தோட்டம், புல்லரிப்பு அபின் பக்கத்துக் கணக்கு. தலைக்குள்ள சுருக், பதட்டம், அழுகை அந்த இன்னொரு பக்கத்துக் கணக்கு, மனச்சோர்வு மாத்திரையைச் சட்டுனு விட்டாலும் இப்படித்தான் வருமாம். மறுபடி ஆரம்பிச்சு இறக்கணும். மூணு, அஞ்சு நாள். ரெண்டு, அஞ்சு நாள். ஒண்ணு, அஞ்சு நாள். அப்புறம் பாதி. அட்டை வீட்டுக்காரர் கையில இருக்கணும், என் ஜிப்புல இல்ல.

மாமியாருக்குச் சொன்ன புத்தியை நானே கேக்கல. அத்தை ஒண்ணும் சொல்லல. என் தலைமாட்டுல சுக்குத்தண்ணி வெச்சுட்டுப் போனாங்க. அப்புறம் கதவுகிட்ட நின்னு, "உன்னுதும் தெம்பு மாத்திரைதானா"ன்னாங்க.

9 ஜூன் 2024, நாளைக்குப் பள்ளி திறப்பு

முதல் குறிப்புல "அனுபவி தம்பி"ன்னு எழுதினேன். அதை அழிக்கல, ஏன்னா அப்ப எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, படிக்கறவங்களுக்கு அது தெரியணும். ஆனா தம்பி, அது தப்பு. நீ நேத்து எழுதினதைப் பாத்தேன், லோடுக்கு முன்னாடி ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு. உன் தோள் ஜவ்வு கிழிஞ்சது கிழிஞ்சபடிதான் இருக்கு. அது கத்தறது உனக்குக் கேக்கல, அவ்வளவுதான். கேக்காததால 25 கிலோ கிரேட்டை நீ தலைக்கு மேல தூக்கற.

சாயங்காலம் குவார்ட்டர் அடிக்கறதா வேற எழுதியிருந்த. சாராயமும் இதுவும் சேர்ந்தா மூச்சு மந்தமாகித் தூக்கத்துலயே போகலாம். வலிப்பும் வரலாம், டிரமடால் தனியாவே வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து, அளவு ஏற ஏற இன்னும். இருமல் சிரப் சிலதுல டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும், அதுவும் இதோட ஆகாது. செரோடோனின் எகிறி நடுக்கம், வேர்வை, காய்ச்சல், தசை வெட்டி வெட்டி இழுக்கறதுன்னு போய் ஆஸ்பத்திரியில சேர்க்கற நிலை வரும். மனச்சோர்வுக்கோ ஒத்தைத் தலைவலிக்கோ ஏற்கெனவே மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட அதை வாய்விட்டுச் சொல்லணும், அவர் கேக்கலைன்னாலும்.

இவ்வளவு சொல்ற நான் இன்னைக்கு மூணுல இருக்கேன்.

15 ஜூன் 2024

தங்கச்சி விஷயம் உறுத்துது. அவ தினமும் போன் பண்றா. எடுத்தா பழைய எரிச்சல் எட்டிப் பாக்குது. குத்தகைப் பணம் பத்தி அன்னைக்கு என்னவெல்லாம் ஒத்துக்கிட்டேன்னு முழுசா ஞாபகம் இல்ல. தப்பு என் மேலதான்னு சொன்னது யாரு, நானா மாத்திரையா? குடிச்சுட்டு பேசினவன் காலையில "நான் அப்படிச் சொல்லலையே"ங்கறப்ப நாம விடுவோமா?

வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "நாலு வருஷம் பேசாம இருந்தப்ப மட்டும் நீதான் பேசாம இருந்தியா"ன்னார். தக்காளி மண்டிக்கு வண்டி எடுத்துட்டுப் போற அவசரத்துல சொன்னது. அர்த்தம் யோசிச்சு சொன்னாரான்னு தெரியல.

26 ஜூன் 2024

இது நீளமாப் போகும்.

டாக்டர் அன்னைக்கே ஒண்ணு கேட்டிருந்தார், நான் இங்க எழுதல. "மாத்திரை போடறதுக்கு முன்னாடி, விழறதுக்கும் முன்னாடி, எப்படி இருந்தீங்க?" நல்லா இருந்தேன்னேன். "கடைசியா எப்ப பாடினீங்க?" பதில் வரல. ஏழெட்டு வருஷம் இருக்கும். காலையில எழுந்திரிக்கறதே ஒரு மூட்டையைத் தூக்கற மாதிரி. பள்ளி, சமையல், ரெக்கார்டு எல்லாம் நடந்துச்சு, நான்தான் அதுல இல்ல. வயசு, வேலைப்பளு, பொம்பளைன்னா அப்படித்தான்னு வெச்சிருந்தேன். டிரமடால் வந்து அதைத் தூக்கினப்பதான் இவ்வளவு நாள் ஒரு பாரம் இருந்துச்சுன்னே தெரிஞ்சுது.

ரத்தம் பாக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4, பொம்பளைங்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும். தைராய்டு சரி. அதைப் பாத்ததும் எனக்கு ஒரே நிம்மதி, ஆஹா இரும்புச்சத்துதான், மனசு கினசு ஒண்ணும் இல்லன்னு. மாதவிலக்கு நிக்கற வயசு வேற, தாறுமாறா போக்கு. அதுதான், வேற ஒண்ணும் இல்ல.

இரும்பு மாத்திரை போட்டாலும் மனநல டாக்டரையும் பாருங்கன்னார். தருமபுரிக்கு பஸ் ஏறி மூணு தடவை பாதியில இறங்கினேன். ஒரு தடவை காரிமங்கலத்துலயே. யாராவது பழைய மாணவன் பாத்துட்டா? நாலாவது தடவை போனேன். பாத்துட்டான். வார்டுல நர்ஸ், 2014 பேட்ச். "டீச்சர், டோக்கன் நான் வாங்கித் தரேன், உக்காருங்க"ன்னான், வேற ஒண்ணும் கேக்கல.

மனநல டாக்டர் சொன்னது: ரத்தசோகையும் உண்மை, மனச்சோர்வும் உண்மை, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக்கூடாதுன்னு சட்டம் இல்ல. டிரமடால் போட்டு மனசு லேசானா அது மட்டும் மனச்சோர்வுக்கு அத்தாட்சி ஆகாது, அபின் வகை யாருக்கும் இதமாத்தான் இருக்கும். அந்த இதம் சீக்கிரம் பழகிப்போகும், அளவு ஏறும். அவர் பாத்தது ஏழெட்டு வருஷக் கதையைத்தான். அப்ப மே 17-ஆம் தேதி குறிப்புல நான் மாயமில்லன்னு முடிச்சது அரைகுறை.

டுலோக்செட்டின் ஆரம்பிச்சிருக்கார். அதே செரோடோனின், நார்அட்ரினலின் வேலை, அபின் பக்கம் கிடையாது. நரம்பு வலிக்கும் உதவுமாம். டிரமடால் கடைசிப் பாதி முடிஞ்சு உடம்பை விட்டு இறங்கினதுக்கப்புறம்தான் முதல் மாத்திரை. ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாது, பொறுமையா இருங்கன்னார். இதுவரைக்கும் குமட்டல் மட்டும்.

ஆஸ்பத்திரி போக கூச்சமா இருக்கறவங்களுக்கு 14416, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம். நான் முதல்ல அதுக்குத்தான் பேசினேன், ராத்திரி 11 மணிக்கு மொட்டை மாடியில நின்னு.

30 ஜூன் 2024

"அப்ப டிரமடால் கெட்ட மருந்தா"ன்னு ஒருத்தர். இல்ல. முதல் பத்து நாள் நான் பாத்ரூம் வரைக்கும் நடந்தது அதாலதான். பதினோராவது நாளைப் பத்தித்தான் இவ்வளவும் எழுதறேன்.

21 ஜூலை 2024

டிரமடால் நின்னு ஒரு மாசம். இடுப்பு வலி பாதி இருக்கு. பிசியோ சொன்ன பயிற்சி காலையில இருபது நிமிஷம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கறது. அத்தை பக்கத்துல சேர் போட்டு உக்காந்து எண்ணுவாங்க. எட்டுக்கு அப்புறம் பத்துன்னுவாங்க, எனக்கு ஒண்ணு மிச்சம்.

தெம்பு? மே மாசத்துத் தெம்பு வரல. வராதுன்னார். எழுந்திரிக்கறப்ப மூட்டை கொஞ்சம் சின்னதா இருக்கு. இது டுலோக்செட்டினா, இரும்பா, பள்ளி திறந்ததாலயான்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியல. பாடல. விசிலடிச்சேன்னு பிள்ளை சொல்றான்.

கேள்வி கேட்ட தம்பி நேத்து எழுதியிருந்தார். மாங்கா சீசன் முடிஞ்சு வேலை இல்ல, மாத்திரையும் குறைச்சாச்சாம், டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டாராம். தோளுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்னு சொன்னாங்களாம், காப்பீட்டுக் கார்டுக்கு அலையறார். குவார்ட்டர் பத்தி ஒண்ணும் எழுதல. நானும் கேக்கல, கேட்டிருக்கணும்.

தங்கச்சி போன ஞாயித்துக்கிழமை வந்தா. தோப்புல இந்த வருஷம் காய்ப்பு பாதிதான், அதுலயும் செந்தூரா ஒரு பை நிறைய எனக்குன்னு பழுக்க வெச்சு எடுத்துட்டு வந்தா. மனசு கேக்கல, சொல்லிட்டேன். அன்னைக்கு நான் மாத்திரை போட்டுட்டு பேசினேன்டி, சுயமா இருந்தேனான்னு எனக்கே தெரியலன்னேன்.

அவ பழத்தோலைச் சீவிக்கிட்டே, "தெரியும்"னா. "ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னே. நடுவுல நம்ம அப்பா சைக்கிள் பேரைச் சொல்லிச் சிரிச்சே. எதையோ போட்டுட்டுப் பேசறேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதான் நீ தெளியறதுக்குள்ள தினமும் போன் பண்ணேன்."

குத்தகைப் பணம் பாதி பாதின்னு முடிவாச்சு. நான் ஒத்துக்கிட்டதா அவ சொல்றது முக்கால். அது நடக்காது.

22 ஜூலை 2024

ஒருத்தர் கேட்டிருக்கார், பரணை ஒழிச்ச சாமானெல்லாம் என்னாச்சுன்னு. கேள்வித்தாள் கட்டு பழைய பேப்பர்காரருக்குப் போச்சு. அண்டா இன்னும் ஹால்லதான். மேல ஏத்தறதுக்கு ஆள் இல்ல, ஏணி பக்கம் என்னை விடறதில்ல. வீட்டுக்காரர் அதுல தக்காளி கொட்டி வெச்சிருக்கார்.